கார் நிக்கோபாரில் ஒரு தமிழ் உபதேசியார்: சொல்லும் நடத்தையும்

முன்னுரை

அந்தமான் தீவுகளின் வடபகுதியில் அமைந்துள்ள திக்லிபூர், பல மொழியினர் அடுத்தடுத்து வாழும் குடியேற்றப் பகுதியாகும். நாட்டுப் பிரிவினைக்குப் பின்னர்க் குடியமர்த்தப்பெற்ற வங்காளியரும், தமிழரும், தெலுங்கரும் இங்குள்ளனர். 1918 முதல் சோட்டா நாகபுரியிலிருந்து காட்டுப் பணிகளுக்கென அழைத்துவரப்பெற்று ‘ராஞ்சி’ மக்கள் எனப் பெயர்பெற்றோரின் வழியினரும் இங்கு வாழ்கின்றனர். தெற்கே அண்டைப் பகுதியான மாயாபந்தரில், பர்மாவிலிருந்து 1925இல் வந்து வெபி என்னும் ஊரை அமைத்த கரேன் மக்கள் உள்ளனர். கரேன் மக்கள் கிறித்தவர். ராஞ்சி மக்களுள்ளும் கிறித்தவர் பலர். இவர்கள் அனைவருக்கும் பொதுவாக அமைந்தது கடைத்தெருவிலும் படகுத்துறையிலும் வழங்கும் இந்தியே ஆகும்.

இத்தகைய சூழலில் ஒருவரது வேதநூலை அடுத்த வீட்டார் படிப்பதில்லை. அவரது பேச்சையும் நடத்தையையுமே அவர்கள் காண்கின்றனர். எனவே, ஒரு சமயம் மொழி எல்லையைக் கடக்கும்போது அதனைச் சுமந்து செல்வது கோட்பாட்டுச் சொல்லா, அன்றாடச் சொல்லும் ஒழுகலாறுமா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்கு விடை காண உதவும் வரலாற்றுச் சான்று இதே ஒன்றியப் பகுதியின் தென்பாகத்தில், பத்துப் பாகைக் கால்வாய்க்கு அப்பாலுள்ள கார் நிக்கோபாரில் கிடைக்கிறது. அங்குப் பணியாற்றிய வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியாரை முன்வைத்து அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்க் கிறித்தவரின் வழக்குச் சொற்கள்

தமிழில் கிறித்தவம் தனக்குரிய சொற்களைத் தேடிய வரலாறு நெடியது. இறைவனைச் சுட்டும் ஒரு சொல்லே இதனைக் காட்டப் போதுமானது. தொடக்ககாலக் கத்தோலிக்க நூல்களில் ‘சருவேசுரன்’ என்பது வழங்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியுசு தம் மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ என்பதை ஆண்டார். 1871இல் வெளிவந்த பவர் திருப்புதல் ‘தேவன்’ என்பதைக் கைக்கொண்டது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘கடவுள்’ என்பதைத் தேர்ந்தது. இவை கற்றோர் அவையில் நிகழ்ந்த மாற்றங்களாகும்.

ஊர் மக்களோ வேறு சொற்களால் கிறித்தவரை அறிந்தனர். கிறித்தவர் ‘வேதக்காரர்’ எனப்பட்டனர். மதம் மாறுதல் ‘வேதத்தில் சேர்தல்’ எனவும், தேவாலயம் ‘வேதக்கோயில்’ எனவும் வழங்கின. ‘தோத்திரம்’ என்பது வழிபாட்டுச் சொல்லாக இருந்து, எதிர்ப்படுவோரிடம் கூறும் முகமன் சொல்லாயிற்று. குருவானவர் ஆண்டிற்குச் சிலமுறையே வந்துபோன சிற்றூர்களில் செபம் நடத்தியும், எழுத்தறிவித்தும், நோயாளியைக் கண்டும், வழக்குத் தீர்த்தும் ஊரோடு இருந்தவர் உபதேசியாரே ஆவார். ஊரார்க்குக் கிறித்தவம் என்பது பெரும்பாலும் உபதேசியாரின் வாழ்க்கையாகவே காட்சியளித்தது எனலாம். இந்த உபதேசியார் மரபே பின்னர்க் கடல் கடந்து நிக்கோபாருக்குச் சென்றது.

தரங்கம்பாடியும் நான்கவுரியும்

சாலமோனுக்கு முன்பே தமிழகக் கடற்கரைக்கும் நிக்கோபாருக்கும் சமயத் தொடர்பு இருந்தது. தரங்கம்பாடிக்கு அருகில் தங்கியிருந்த மொரேவியச் சகோதரர்கள் 1768இல் நான்கவுரித் தீவில் குடியேறினர். இவர்கள் ஊதியம் பெறும் போதகர்களாக அன்றி, தம் கைத்தொழிலால் உண்டு வாழ்வதையே நெறியாகக் கொண்டவர்கள். ஆயினும், காய்ச்சலால் பதினொருவர் அத்தீவிலேயே மாண்டனர். மேலும் பதின்மூவர் தரங்கம்பாடிக்குத் திரும்பியபின் இறந்தனர். 1787இல் இப்பணி கைவிடப்பட்டது. இறுதிவரை அங்கிருந்த ஏன்சல் பின்னாளில் எழுதிய கடிதங்கள் 1812இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. நோயோடு, தீவின் மொழியைக் கற்பதிலிருந்த இடர்ப்பாடும் இம்முயற்சியை முடக்கியது. நடத்தை இருந்தும் அதனை விளக்கும் சொல் வாய்க்கவில்லை என்பதே நான்கவுரி தரும் பாடமாகும்.

முஸ் ஊரில் சாலமோன்

1869இல் நிக்கோபார்த் தீவுகள் ஆங்கிலேயர் வசமாயின. 1890களில், தலைமை ஆணையர் ரிச்சர்டு கார்னாக் தெம்பிள் காலத்தில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சாலமோன் கார் நிக்கோபாரின் முஸ் என்னும் ஊரில் அரசு முகவராகவும் உபதேசியாராகவும் அமர்த்தப்பெற்றார். பள்ளி நடத்துதல், வானிலை குறித்தல், வந்துபோகும் கப்பல்களைக் கவனித்தல் ஆகியவையும் அவர்தம் பணிகளாயின. சமயப் பணிக்கும் ஆட்சிப் பணிக்கும் ஒருவரே பொறுப்பானார் என்பது இங்குக் கருதத்தக்கது. தீவினரின் பார்வையில் அவர் கிறித்தவத்தின் முகமாக மட்டுமன்றி அரசின் முகமாகவும் இருந்தார். ஆகவே, அவரது சொல்லுக்கு அதிகாரத்தின் நிழலும் உண்டு. இதனை மறைத்து அவரை வெறும் தொண்டராகக் காட்டுவது வரலாறு ஆகாது.

அவர் நாள்தோறும் எழுதிய குறிப்புகளின் பகுதிகளைத் தெம்பிள் 1902இல் இலண்டன் மானிடவியல் நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார். விழாக்கள், ஈமச் சடங்குகள், நோய் குறித்த நம்பிக்கைகள், ஊர் நிகழ்ச்சிகள் ஆகியன அவற்றில் இடம்பெறுகின்றன. நிக்கோபாரியல் ஆய்வாளர் பலரும் எடுத்தாண்ட இவ்வாவணத்தை எழுதியவர் ஒரு தமிழர். ஆங்கிலத்தில் எழுதப்பெற்றமையால், தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றின் எல்லைக்குள் அஃது எளிதில் அடங்குவதில்லை. புலம்பெயர்ந்த தமிழரின் எழுத்து வரலாற்றை மொழி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு எழுதும்போது இத்தகைய இழப்புகள் நேர்கின்றன.

நாட்குறிப்பின் மொழி

நிக்கோபாரியர் அஞ்சிய ஆவிகளை இந்நாட்குறிப்பு ‘பேய்’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லாலேயே குறிக்கிறது. இச்சொல் தற்செயலாக வந்ததன்று. திருநெல்வேலிப் பகுதி மக்களின் நாட்டார் வழிபாட்டைப் பேய் வழிபாடு எனக் கால்டுவெல் 1849இல் எழுதியதும், அந்நூலை அம்மக்கள் வன்மையாக எதிர்த்ததும் நாம் அறிந்தவையே. தமிழ் மண்ணில் ஒரு சாரார்மீது ஏற்றப்பட்ட அதே சொல், அரைநூற்றாண்டு கழிந்து, ஒரு தமிழரின் கையால் மற்றொரு மக்கள்மீது ஏற்றப்படுவதை இங்குக் காணமுடிகிறது.

ஆயின், அச்சொல்லை எழுதிய அதே மனிதர் அம்மக்களின் நடுவே குடியிருந்து, அவர்தம் விழாக்களைப் பொறுமையோடு கண்டு எழுதினார். அவர்தம் சிறுவர்க்குக் கல்வி கற்பித்தார். சொல் விலக்கியது, நடத்தை நெருங்கியது. இம்முரணைத் தீர்க்காமல் அவ்வாறே ஏற்றுக்கொள்வதே நேர்மையான வாசிப்பாகும். சாலமோன் காலத்தில் கிறித்தவரானோர் சிலரே. அவரது பணியின் பயன் அவர் நடத்திய பள்ளியிலேயே வெளிப்பட்டது.

மாணவர் ரிச்சர்ட்சன்

முஸ் பள்ளியில் பயின்ற நிக்கோபாரிச் சிறுவர்களுள் ஒருவரே பின்னாளில் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன். அவர் மேற்கல்விக்காக மாண்டலேயிலுள்ள மிஷன் பள்ளிக்கு அனுப்பப்பெற்று, பின் தம் ஊருக்கே திரும்பி ஆசிரியரானார். புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார். மொரேவியருக்கு எட்டாததும், சாலமோனுக்கு அயன்மொழியாக இருந்ததும் ஆகிய மொழி, ரிச்சர்ட்சனுக்குத் தாய்மொழியாக அமைந்தது.

எனினும், மொழிபெயர்ப்பு மட்டும் தீவினரைக் கிறித்தவராக்கிவிடவில்லை. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானிய ஆக்கிரமிப்பில், ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு நிக்கோபாரியர் பலர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டு மரணத்தை எதிர்நோக்கினார். மக்களை விட்டு அவர் அகலவில்லை. போருக்குப் பின்னரே கார் நிக்கோபார் மக்கள் பெருந்திரளாகக் கிறித்தவத்தை ஏற்றனர். அரைநூற்றாண்டுக் காலப் போதனையால் நிகழாதது, துன்பத்தில் உடனிருந்த சில ஆண்டுகளுக்குப்பின் நிகழ்ந்தது. 1950இல் ரிச்சர்ட்சன் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார்; 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பெற்றார்; 1978இல் மறைந்தார்.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவது இதுவாகும்: நான்கவுரியில் நடத்தை இருந்தது, சொல் இல்லை. சாலமோனிடம் இரண்டும் இருந்தன; ஆயினும் அவை ஒன்றோடொன்று முரண்பட்டன. ரிச்சர்ட்சனிடம் இரண்டும் ஒன்றாயின. தமிழ்ச் சிற்றூரின் உபதேசியார் மரபு, நிக்கோபாரியர் ஒருவர் தம் மொழியில் தாமே பேசத் தொடங்கியபோதே நிறைவெய்தியது எனலாம்.

வடக்கே திக்லிபூரில், தம் மொழியில் செபித்து, அயலாரோடு இந்தியில் உரையாடும் கிறித்தவருக்கும் இவ்வரலாறு பொருந்துவதே. அயலவரது வழிபாட்டைக் குறிக்க ஒருவர் ஆளும் சொல்லும், அயலவரது இடர்ப்பாட்டில் அவர் நிற்கும் இடமுமே அங்கு அவர்தம் சமயத்தின் உரையாக அமைகின்றன. சமய இலக்கியங்களை ஆராயும் நாம், அச்சிட்ட ஏடுகளோடு இவ்வுரையையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.