சிவப்பு அங்கி பிறந்த கதை

1940களில் கனடா நாட்டு வீடுகளில் ‘ஓல்டு டச்சு கிளென்சர்’ என்றொரு தேய்க்கும் பொடி புழக்கத்தில் இருந்தது. டப்பாவின் மேல் ஒரு பெண்ணின் படம். கையில் கழியோடு அழுக்கை விரட்டிக்கொண்டு போவாள். பெரிய வெள்ளைத் தொப்பி அவள் முகத்தை அடியோடு மறைத்திருக்கும். முகமில்லாத அந்தப் பெண்ணைக் கண்டு ஒரு சிறுமி பயந்தாள். மார்கரெட் அட்வுட் என்பது அவள் பெயர். பெண்ணுரிமைப் போராட்டங்களில் இன்று நாம் பார்க்கும் சிவப்பு அங்கிக்கும் வெள்ளைத் தொப்பிக்கும் அந்தப் பயம் ஒரு விதை.

இன்னொரு விதை 1978இல் விழுந்தது. குடும்பத்தோடு ஆப்கானிஸ்தான் சென்ற அட்வுட், அங்கே பெண்கள் உடுத்தும், உடல் முழுவதையும் மூடும் சாதர் ஒன்றை வாங்கி, போட்டும் பார்த்தார். உள்ளிருந்து உலகம் தெரிந்தது. உலகத்துக்கு அவர் தெரியவில்லை. சில வாரங்களில் காபூலில் ஆட்சி கவிழ்ந்தது. மறு ஆண்டு ஈரானில் புரட்சி வந்தது. பெண்கள் எதை உடுத்த வேண்டும் என்பதை அங்கே அரசே தீர்மானிக்கத் தொடங்கியது.

1984 வசந்த காலத்தில் அட்வுட் மேற்கு பெர்லினில் இருந்தார். நகரைச் சுற்றிலும் சுவர். வாடகைக்கு எடுத்த ஜெர்மன் தட்டச்சுப் பொறியில் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலை எழுதத் தொடங்கினார். 1985இல் அது வெளிவந்தது. கதையில், அமெரிக்க அரசைக் கவிழ்த்து கிலியட் என்ற மதவாத ஆட்சி எழுகிறது. ஒரே நாளில் பெண்களின் வங்கிக் கணக்கு முடக்கப்படுகிறது, வேலை பறிபோகிறது. பின்னர் படிப்பதே குற்றமாகிறது. குழந்தைப் பிறப்பு அருகிவிட்ட அந்த நாட்டில், கருத்தரிக்கக்கூடிய பெண்கள் அதிகாரிகளுக்கு வாரிசு பெற்றுத்தர அவர்கள் வீடுகளில் அடைக்கப்படுகிறார்கள்.

எழுதும்போது அட்வுட் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார்: மனிதர்கள் எங்கேயும் எப்போதும் செய்திராத எதையும் கதையில் சேர்ப்பதில்லை. ருமேனியாவில் 1966இல் சௌசெஸ்குவின் அரசு பிறப்பு எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடை செய்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது குற்றமாக இருந்தது. பிள்ளையில்லாத ராகேல் தன் பணிப்பெண்ணைக் கணவனிடம் அனுப்பிய கதை பைபிளிலேயே இருக்கிறது.

உடைக்கும் அதே விதிதான். கிலியட்டில் அதிகாரிகளின் மனைவியர்க்கு நீலம். அது கன்னி மரியாளின் நிறம். வீட்டு வேலைக்காரிகளுக்குப் பச்சை. பிள்ளை பெறுபவர்களுக்குச் சிவப்பு. அது பிரசவ ரத்தத்தின் நிறம், மகதலேனா மரியாளின் நிறம். தப்பி ஓடினால் தூரத்திலிருந்தே கண்ணில் படும் நிறமும்கூட. தொப்பி கன்னியாஸ்திரிகளிடமிருந்தும் விக்டோரியா காலத்துப் பெண்களிடமிருந்தும் அந்தப் பொடி டப்பாவிலிருந்தும் வந்தது. யூதர்களுக்கு நாஜிகள் மஞ்சள் நட்சத்திரம் குத்தியதைப் போல, உடையாலேயே மனிதரைத் தரம் பிரித்து அடக்கிய ஆட்சிகளை அட்வுட் அறிந்திருந்தார்.

2017இல் நாவல் தொலைக்காட்சித் தொடரானது. ஆன் கிராப்ட்ரீ அந்த உடைக்கு உருவம் கொடுத்தார். தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே, அந்த மார்ச் மாதம், டெக்சாஸ் செனட்டின் பார்வையாளர் மாடத்தில் சிவப்பு அங்கி அணிந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் மசோதாக்கள் விவாதத்தில் இருந்தன. அவர்கள் கூச்சலிடவில்லை, கூச்சல் என்று சொல்லி வெளியேற்ற முடியாது. உடலை முழுக்க மூடியிருந்தார்கள். உடை சரியில்லை என்றும் சொல்ல முடியாது. பெண்ணை மறைக்க வரைந்த உடையைப் பெண்களே தங்கள் ஆயுதமாக்கிக்கொண்டார்கள். 2018இல் அதே அங்கி புவனோஸ் ஐரிஸில் அர்ஜென்டினா நாடாளுமன்றத்தின் வாசலில் நின்றது.

அந்த ஆண்டு அர்ஜென்டினா செனட் கருக்கலைப்பைச் சட்டப்பூர்வமாக்கும் மசோதாவைத் தோற்கடித்தது. பெண்கள் விடவில்லை; 2020 டிசம்பரில் அத்தகைய மசோதா நிறைவேறியது. அமெரிக்காவிலோ 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைக்கு நாடு முழுவதும் இருந்த பாதுகாப்பை எடுத்துவிட்டது. டெக்சாஸில் இன்று கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை.

ஆகவே, இந்த நாவலை வேறொரு நாட்டின் கற்பனை என்று ஒதுக்காதீர்கள். எந்த ஊரில் எந்தப் புதுச் சட்டம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பெண்ணின் பணத்தில் கை வைக்கிறதா? படிப்பில் கை வைக்கிறதா? உடலில் கை வைக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும், எதிர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.