இலத்தீன் ஆசிரியராக ஆவது எப்படி?



காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பது திருப்புட்குழி. பட்டுத் தறிகளுக்கும் பழம்பெரும் பெருமாள் கோயிலுக்கும் பெயர் பெற்ற ஊர். இராமானுசர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றது இங்கேதான் என்பது வைணவ மரபு. ஆசிரியர் இருந்தார், மாணவர் தேடி வந்தார். நம் திருச்சபையின் பழமையான மொழியாகிய இலத்தீனைக் கற்க இன்று நம் பிள்ளைகள் யாரைத் தேடிப் போவார்கள்?

தேவை இல்லாமல் இல்லை. பழைய பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் பல இலத்தீனில் எழுதப்பட்டவை. வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். கொடுந்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சேறியது. நம் மண்ணில் உருவான இந்நூல்களை மூலத்தில் வாசிப்பவர்கள் இன்று மிகச் சிலரே. குருமாணவர்கள் இலத்தீனை நன்கு அறிந்திருக்க வேண்டும் என்கிறது 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 249). கற்பிப்பவர் இல்லையென்றால் இச்சட்டம் ஏட்டளவில்தான் நிற்கும்.

வழி உண்டு. திருத்தந்தை 23-ம் யோவான் 1962 பிப்ரவரி 22 அன்று வெளியிட்ட 'வேத்தேரும் சபியென்சியா' என்னும் ஏட்டில், இலத்தீனுக்கு ஓர் உயர்கல்வி நிறுவனம் வேண்டும் என்றார். திருத்தந்தை 6-ம் பவுல் 1964-ல் அதை நிறுவிச் சலேசிய சபையாரிடம் ஒப்படைத்தார். உரோமையிலுள்ள சலேசியப் பாப்பிறைப் பல்கலைக்கழகத்தில், கிறிஸ்தவ மற்றும் செவ்வியல் இலக்கியத் துறையாக அது இன்றும் இயங்குகிறது.

படிப்பு மூன்று படிகள் கொண்டது. முதலாவது, மூன்றாண்டு இளநிலை. அடுத்தது, இரண்டாண்டு 'லிசென்சியா'. இச்சொல்லுக்கே அனுமதி என்றுதான் பொருள். பெருங்குருமடத்தில் கற்பிக்கத் தேவையான பட்டம் இதுவே. மூன்றாவது முனைவர் பட்டம். திருச்சபைப் பல்கலைக்கழகத் துறையில் பேராசிரியராக இது வேண்டும். 2017-ல் திருத்தந்தை பிரான்சிஸ் வழங்கிய 'வெரித்தாத்திஸ் கௌதியும்' இந்த ஒழுங்கை உறுதிசெய்கிறது. குருக்கள் மட்டுமல்ல, துறவியரும் பொதுநிலையினரும், ஆணும் பெண்ணும் சேரலாம். பொதுநிலையினர், திருச்சபைப் பொறுப்பாளர் ஒருவரிடம் நன்னடத்தைச் சான்று பெற வேண்டும். இத்தாலிய மொழியும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடினமா? தமிழருக்கு ஓரளவு எளிது என்றே சொல்வோம். 'கிரேதோ' என்ற ஒரே சொல் 'விசுவசிக்கிறேன்' என்ற முழு வாக்கியம். 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நம் தமிழைப் போலவே வினையின் ஈறே அதைக் காட்டிவிடும். வேற்றுமை நமக்கு எட்டு, இலத்தீனுக்கு ஆறு. வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த நமக்கு அது முற்றிலும் அந்நியமல்ல.

ஆனால் ஐந்தாண்டுப் படிப்பு, அயல்நாட்டு வாழ்வு, செலவு ஆகியவற்றை ஒரு குடும்பம் தனியே சுமப்பது அரிது. தறியில் அமரும் சிறுவனுக்குக் கை பழகும்வரை வீடே காத்திருக்கிறது. அதுபோல மொழியார்வமுள்ள ஒரு பிள்ளைக்காகப் பங்கும் மறைமாவட்டமும் காத்திருக்க முன்வருமா?

நம் பங்கில் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அப்பிள்ளையைக் கண்டுகொள்வோம், பங்குத்தந்தையிடம் அழைத்துச் செல்வோம், அப்பிள்ளைக்காகச் செபிப்போம். முன்னோர் நமக்கு எழுதி வைத்ததை வாசித்துக் காட்ட ஒருவரையேனும் அடுத்த தலைமுறைக்குத் தர இறைவன் அருள்வாராக.