தவளம் போன தடம்

ஹல்துமுல்லையிலிருந்து அப்புத்தளைக்கு பஸ் ஏறினால் பெரகலையைச் சுற்றித்தான் போக வேண்டும். நாங்கள் ஐந்து பேர், தோட்டத்திலே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, குறுக்குப் பாதையால் நடந்து ஏறினோம். பாதி ஏற்றத்தில் அவர் சொன்னார்: "இந்த ரோட்டெல்லாம் வெள்ளக்காரத் தொர வெட்டுனது நானா. அதுக்கு முன்னால இங்க வெறும் காடுதான்."

அவரைக் குறை சொல்ல முடியாது. கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ ட்ரெயில்' இன்று வெளிநாட்டாரையெல்லாம் ஊவாவுக்கு அழைத்து வருகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கும் மேல். அதன் பெயரே தேயிலையின் பெயர். நடக்க வருபவருக்கு மலைநாட்டு வரலாறு தேயிலையோடு பிறந்ததாகத்தான் தோன்றும்.

ஆனால் 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா இந்த ஊவாவுக்குள் படையோடு ஏறி வந்து பதுளையை எரித்தான். திரும்பும் வழியில் ரந்தெனிவெலையில் அவனும் அவன் படையும் அழிந்தார்கள். தேயிலைக்கு இருநூறு வருடத்துக்கு மேல் முந்திய கதை இது. தடமே இல்லாத மலையில் ஒரு படை ஏறி இறங்குமா?

படை எப்போதாவது வரும். உப்பு அப்படியல்ல, அது வருடா வருடம் வந்தே ஆக வேண்டும். 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தோடு கண்டி இராச்சியத்தின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதன் பின் மலைநாட்டுக்காரன் சோற்றில் போடும் உப்பு, அடுத்தவன் ஆளும் கரையிலிருந்துதான் வர வேண்டும். உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏறின. பாக்கு கீழே இறங்கியது. சுமந்தவை பொதிமாடுகள். அந்த மாட்டு வரிசைக்குப் பெயர் தவளம். அதற்கென்றே மன்னர்கள் 'மடிகே பத்த' என்ற பிரிவை வைத்திருந்தார்கள். அதில் நம்மவர்களுக்கு இருந்த பெரும் பங்கை லோர்னா தேவராஜாவின் 1994ஆம் ஆண்டு நூல் விரிவாகச் சொல்கிறது.

வண்டிப் பாதைக்கும் தவளப் பாதைக்கும் வித்தியாசம் காலுக்கே தெரியும். சில்லு செங்குத்தில் ஏறாது; வண்டிப் பாதை வளைந்து வளைந்து போகும். பொதிமாட்டுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆள் ஏறும் இடத்தில் மாடும் ஏறும். எங்கள் குறுக்குப் பாதை தவளம் போனதுதான் என்று நான் சத்தியம் பண்ண வரவில்லை. 'முன்னால வெறும் காடு' என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

இங்கே பெருமை பேசி முடித்தால் அது வரலாறு ஆகாது. 1815இல் கண்டி வீழ்ந்த பிறகு, வெல்லஸ்ஸ மடிகேக்கு ஹாஜி மரிக்காரை முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தார்கள். அதனால் அங்குள்ள முஸ்லிம்கள் சிங்களத் தலைவரின் அதிகாரத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். அந்தக் கோபம் 1817–18 ஊவாக் கிளர்ச்சியின் காரணங்களில் ஒன்று. அரச உரிமை கோரியவரைப் பிடிக்கப் போன ஹாஜி முகாந்திரம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பதுளையிலிருந்து புறப்பட்ட அதிகாரி வில்சனும் 1817 செப்டெம்பரில் கொல்லப்பட்டார். பதிலுக்கு ஆங்கிலேயப் படை ஊவாவின் வயல்களையும் கால்நடைகளையும் அழித்தது. மன்னனுக்குப் பொதி சுமந்த சமூகம், இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது. அதையும் நாமே எழுத வேண்டும். மற்றவர் எழுதினால் வேறு மாதிரி எழுதுவார்கள்.

பிறகு வண்டிப் பாதை வந்தது. 1893இல் ரயில் அப்புத்தளையைத் தொட்டது, 1924இல் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது. பொதிமாட்டுக்கு வேலையில்லாமல் போனது.

அப்புத்தளையில் தேத்தண்ணி குடிக்கும்போது தவளக் கதையை வழிகாட்டித் தம்பியிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "இத யாரும் எங்களுக்குச் சொல்லலியே நானா. எழுதி வச்சிருக்கீங்களா?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆங்கிலத்தில் இருக்கிறது; அந்தத் தம்பி கையில் கொடுக்கத் தமிழில் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஊவாவின் பழைய முஸ்லிம் குடும்பங்களில் மூத்தாப்பாமார் சொன்ன கதைகள் இன்னும் இருக்கும், காணி உறுதிகளும் இருக்கும். பெட்டியில் கறையான் தின்னுமுன் அவற்றைத் திறந்து எழுதி வைப்போம். அடுத்த முறை அந்தத் தம்பி ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறும்போது, தொரைக்கு முன்னால் நடந்தவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லட்டும்.