மிஷின் நின்ற நாட்கள்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கூட்டமைப்பு அலுவலகத்தில் கேட்டார்கள். "தையல் தொழில் வளர்ந்த வரலாறு" என்று தலைப்பும் அவர்களே கொடுத்தார்கள். குழு தொடங்கிய தேதி, வாங்கிய கடன், கட்டி முடித்த கடன் இதையெல்லாம் மற்ற சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் எங்கள் குழுவின் பழைய தீர்மான நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, மிஷின் ஓடாமல் நின்ற நாட்கள் எங்கே எங்கே வருகிறது என்று பார்த்தேன். "மிஷின் ரிப்பேர், இம்மாதத் தவணை பாக்கி" என்ற வரி எத்தனை இடத்தில்! ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. அதனால் அந்தக் கதையை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தையல் மிஷினின் வரலாறே சரியாக ஓடாத ஒரு மிஷினில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. 1850-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஒரு பட்டறை. அந்தக் காலத்து மிஷின் ஒன்று அங்கே தகராறு பண்ணிக்கொண்டிருந்தது. ஐசக் சிங்கர் என்பவர் அதைப் பார்த்துவிட்டு, ஊசி நேராக மேலும் கீழும் இறங்குகிற மாதிரி, ஷட்டில் சுற்றி வராமல் முன்னும் பின்னும் போகிற மாதிரி மாற்றி அமைத்தார். 1851-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மிஷின் நன்றாகத்தான் இருந்தது, விலைதான் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டவில்லை. 1856-ல் அவருடைய பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். கொஞ்சம் முன்பணம், மீதி மாதாமாதம். நாம் கையில் வைத்திருக்கிறோமே தவணை அட்டை, அதற்கு வயது நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது.

இன்னொரு செய்தி நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு நெருக்கமானது. 1924-ல் டெல்லியில் காந்தியிடம் ஒரு மாணவர், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று கேட்டார். காந்தி, தையல் மிஷினுக்கு விலக்கு உண்டு என்றார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தது அது என்பது காந்தி சொன்ன காரணம். (சிங்கரின் குடும்ப வாழ்க்கையைப் படித்தால் அப்படி ஒரு நல்ல புருஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது வேற கதை.) அந்த மாணவர் விடவில்லை. தையல் மிஷின் செய்ய ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டுமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். வேண்டும்தான், ஆனால் அது அரசாங்கத்தின் கையில் இருக்க வேண்டும் என்று காந்தி பதில் சொன்னார். கேட்ட மாணவர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில், 1947-ல், அவரும் அவருடைய மனைவி டாக்டர் சௌந்தரம் அம்மாவும் சேர்ந்துதான் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

மிஷின் யாருக்காக, மிஷினை யார் செய்வது என்று இரண்டு கேள்விக்கும் அந்தப் பேச்சில் பதில் இருக்கிறது. கெட்டுப்போனால் யார் சரிபண்ணுவது என்ற கேள்வி அதில் வரவில்லை. நமக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த மூணாவது கேள்வியில்தான்.

1930-களில் கொல்கத்தாவில் உஷா மிஷின் தயாராக ஆரம்பித்த பிறகு உள்நாட்டு மிஷின் ஊர்களுக்கு வந்தது. ஆனாலும் எங்கள் ஊரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மிஷின் என்றால் கடைத்தெருத் திண்ணையில் டெய்லர் உட்கார்ந்திருப்பதுதான். பொம்பளை வீட்டில் மிஷின் இருந்தால் அது சீரில் வந்ததாக இருக்கும். மேலே துணி போர்த்தி, அதற்கு மேலே சாமி படம் வைத்திருப்பார்கள்.

பிறகு குழு வந்தது. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் முதலில் ஆரம்பித்து, 1997-98-ல் மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்குப் பரவிய கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் குழு 2001. சேமிப்பு, உள்கடன், சுழல்நிதி எல்லாம் முடிந்து 2004-ல் எஸ்.ஜி.எஸ்.ஒய். திட்டத்தில் பொருளாதாரக் கடன் கிடைத்தது. எட்டுப் பேருக்கு எட்டு மிதி மிஷின். டெம்போவில் வந்து இறங்கியது. மாலை போட்டு, பொட்டு வைத்து, போட்டோ எடுத்தார்கள். "ஒரு வருஷம் இலவச சர்வீஸ், போன் பண்ணுங்க, வந்துருவோம்" என்று சப்ளை செய்தவர் கார்டு கொடுத்துவிட்டுப் போனார். அந்த நம்பருக்கு நாங்கள் போட்ட போனை எண்ணினால் மலரில் இடம் பத்தாது. ஒருத்தரும் வரவில்லை.

வேலை உள்பாவாடை. திண்டுக்கல் கடையிலிருந்து திங்கட்கிழமை வெட்டின துணி கட்டாக வரும். சனிக்கிழமை தைத்துக் கொடுக்கணும். சனிக்கிழமை தவறினால் அடுத்த கட்டு வேறு ஊருக்குப் போய்விடும். மிஷின் வீட்டுக்குள்ளேதான். சோறு வடிக்கிற நேரம் போக, பிள்ளையைத் தூங்க வைத்த நேரம் போக, மிச்சம் எல்லாம் மிதிதான்.

முதல் மழைக்காலத்திலேயே மிஷின்கள் முனக ஆரம்பித்தன. மிஷின் எண்ணெய் வாங்க டவுனுக்குப் போகணும், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் குழுவில் மூன்று வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் விட்டார்கள். அது அன்றைக்கு நல்லா ஓடும். பஞ்சுத்தூசியோடு சேர்ந்து நாளாவட்டத்தில் பிசின் மாதிரி ஆகிவிடும். மார்கழிக் குளிரில் புட்டியிலேயே உறைகிற எண்ணெய் மிஷினுக்குள்ளே மட்டும் உறையாதா? தை மாதம் பிறந்தபோது ஒரு மிஷினில் சக்கரத்தைக் கையால் தள்ளினாலும் நகரவில்லை. மெக்கானிக் அண்ணன் வந்து மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லணும். நல்ல மனுஷன்தான். ஆனால் சுற்று வட்டாரத்துக்கே அவர் ஒருத்தர். மாசத்துக்கு ஒரு முறை எங்கள் ஊருக்கு வருவார். தீபாவளி நெருங்கினால் டவுனில் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கப் போய்விடுவார். நமக்கு வேலை அதிகம் வருகிற மாதமும் அவர் வராத மாதமும் ஒன்றாகவே இருந்தது.

2006 தீபாவளிக்கு முன்பு நடந்ததை நோட்டில் பார்த்தே எழுதுகிறேன். எங்கள் குழுவில் ஒரு அக்கா, பெயர் வேண்டாம், நல்ல கை. அவர் மிஷினில் தையல் விட்டு விட்டு விழ ஆரம்பித்தது. ஊசி மாற்றினார், நூல் மாற்றினார், டென்ஷனைத் திருகிப் பார்த்தார். தைத்த கட்டில் பாதியைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். மெக்கானிக்குக்கு ஆள் மேல் ஆள் விட்டும் அவர் வந்து சேர 37 நாள் ஆனது. வந்தவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "உள்ள முழு செட்டும் மாத்தணும்மா, காசு ரெடி பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காசு அவரிடம் இல்லை.

தவணை யாருக்காகவும் நிற்காதே. குழுக்கடன் என்பதால் எட்டுப் பேர் பணமும் சேர்ந்தால்தான் வங்கியில் தவணை வரவாகும். முதல் மாதம் கம்மலை அடகு வைத்துக் கட்டினார். இரண்டாவது மாதம் களை எடுக்கப் போய்க் கட்டினார். மூன்றாவது மாதம் குழுவிலிருந்து உள்கடன் எடுத்து, நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு, அதே குழுவின் வங்கிக் கடனைக் கட்டினார். அந்த மாதக் கூட்டங்களில் என்ன நடந்தது என்பதை நோட்டில் "விவாதம் நடைபெற்றது" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நேரில் இருந்தவர்களுக்குத் தெரியும், விவாதம் இல்லை, சண்டை. "உன் மிஷின் கெட்டா எங்க மேல ஏன் பாரம்?" என்று கேட்டவர்களும் உண்டு. 2007-ல் அவர் கடைசித் தவணை வரைக்கும் கட்டி முடித்துவிட்டுக் குழுவை விட்டுப் போனார். ஒரு ரூபாய் பாக்கி இல்லை. மிஷின் மேல் டி.வி.யை வைத்துக்கொண்டார்.

திட்ட அறிக்கையில் மிஷின் விலை இருந்தது, துணி, நூல் செலவு இருந்தது, மாத வருமானம் கூட போட்டிருந்தது. ரிப்பேர் என்று ஒரு வரி இல்லை. வருஷத்தில் எத்தனை நாள் மிஷின் நிற்கும், நின்றால் தவணை எப்படி என்று யாரும் கணக்குப் போடவில்லை. கடன் கட்டத் தவறியவர் என்று நாம் பெயர் வைத்த எத்தனை பேர் உண்மையில் மிஷின் நின்று போனவர்கள் என்று பழைய நோட்டுகளை ஒவ்வொரு குழுவும் எடுத்துப் பார்க்கணும். இது என் கருத்து.

அடுத்து கரண்ட் காலம். மிதித்து முட்டி போனதால் சிலர் மிஷினில் சின்ன மோட்டார் மாட்டினார்கள். 2010-ல் நாலு பேர் கடன் வாங்கி பவர் மிஷினே வாங்கினார்கள். 2008-லேயே ஆரம்பித்த மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டு மணி நேரம், நமக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். சின்ன மோட்டார் போட்டவர்கள் பெல்ட்டை மாற்றிப் பழைய மிதிக்கே போனார்கள். பவர் மிஷின் வாங்கியவர்களுக்கு மிதி கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து தைத்தார்கள். வந்த கரண்ட்டும் லோ வோல்டேஜ். மோட்டார் உறுமும், சுற்றாது. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் காயில் கருகிவிடும். ஒரே கோடையில் நாலில் மூன்று மோட்டார் காயில் கட்ட டவுனுக்குப் போனது. அந்தக் கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே கரண்ட் தின்னும் என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது வருகிற சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் ஓடும். புதிதாக வாங்குகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.

2013-ல் கூட்டமைப்புக் கூட்டத்தில் ரிப்பேர் நிதி பேச்சு வந்தது. மிஷின் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் மாதம் 20 ரூபாய் போடணும், கெட்டால் அதிலிருந்து எடுக்கலாம் என்பது யோசனை. உடனே ஒரு மதினி எழுந்து, "என் மிஷின் பத்து வருஷமா கெடல, நான் ஏன் போடணும்?" என்றார். அது நியாயமான கேள்வி. பதில் சொல்ல மூன்று கூட்டம் ஆனது. கடைசியில், கெடாத மிஷினுக்கு வருஷத்துக்கு ஒரு முறை நிதியிலிருந்தே கழுவி எண்ணெய் போட்டுத் தருவது என்று முடிவானது. அந்த மதினிதான் இப்போது நிதிக்குப் பொருளாளர்.

நிதி மட்டும் போதாது, கை வேணும். மெக்கானிக் அண்ணனிடம் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டோம். "சொல்லிக் குடுத்துட்டா என் பொழப்பு என்னம்மா ஆகும்?" என்றார். டைமிங் வைக்கிறது, மோட்டார் வேலை எல்லாம் உங்களுக்குத்தான், சின்ன வேலை மட்டும் எங்களுக்கு என்று பேசி, நாலு ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கொடுத்துக் கற்றுக்கொண்டோம். அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. அவர் சொன்ன வரிசையை இன்றைக்கும் மாற்றவில்லை. மிஷின் தகராறு பண்ணினால் முதலில் ஊசி: முனை மழுங்கியதா, வளைந்ததா, சரியான பக்கம் மாட்டியிருக்கிறதா, அந்த மிஷினுக்கு உரிய ஊசிதானா? வீட்டு மிஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மிஷின் ஊசி உருண்டை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார். அடுத்து நூல் கோத்த வழி. அப்புறம் பல்லுக்கு அடியிலும் ஷட்டிலிலும் தூசி. அப்புறம் எண்ணெய். இதெல்லாம் முடிந்த பிறகுதான் டென்ஷன் திருகில் கை வைக்கணும். நம்ம ஆட்கள் எல்லாரும் முதலில் கை வைப்பது அந்தத் திருகில்தான்!

2020 மார்ச்சில் ஊரடங்கு. முகக்கவசம் தைக்க ஆர்டர் வந்தது, பஸ் இல்லை, ஸ்பேர் கடை இல்லை, மெக்கானிக் வர வழி இல்லை. பெட்டியில் 14 ஊசி இருந்தது. ஊசியை உரசுகல்லில் தீட்டித் தீட்டி ஓட்டினோம். இருந்தும் மூன்று மிஷின் நின்றுபோனது. அப்போதுதான் அந்த அக்கா வீட்டு மிஷின் ஞாபகம் வந்தது. போய்க் கேட்க எல்லாருக்கும் தயக்கம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, டி.வி.யை இறக்கி வைத்தார். "ஸ்டாண்ட மட்டும் விட்டுட்டுப் போங்க, டி.வி. வைக்கணும்" என்றார். தலையை மட்டும் கழற்றி எடுத்து வந்தோம்.

ஒரு பகல் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரித்துப் பார்த்தேன். முழு செட் ஒன்றும் கெடவில்லை. ஷட்டில் முனை மட்டும் மழுங்கியிருந்தது. பெட்டியில் ஒரு ஷட்டில் இருந்தது, மாட்டினேன். நூல் பிடித்தது. அன்றைக்கு அவர் கட்டிய ஒரு மாத வட்டியைவிட அந்த ஷட்டிலின் விலை குறைவு.

அந்த மிஷினில் ஜூன் மாதம் வரை முகக்கவசம் தைத்தோம். இப்போது அது கூட்டமைப்பு அலுவலகத்தில், பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் பழகுவதற்கு இருக்கிறது. அவருக்கு மிஷின் தலைக்கு உரிய விலையும், 2006-ல் அவர் கட்டிய உள்கடன் வட்டியும் திருப்பிக் கொடுப்பது என்று 2021-ல் தீர்மானம் போட்டோம். விலை கொடுத்தாகிவிட்டது. வட்டி, "பழைய கணக்கு, வழிகாட்டுதல் இல்லை" என்ற காரணத்தால் இன்னும் கொடுக்கப்படவில்லை. வருகிற பொதுக்குழுவில் இதை எழுந்து கேட்கப் போகிறேன். நோட்டும் பக்க எண்ணும் என்னிடம் இருக்கிறது.