பாலச் சோதனை: விபத்துகள் வகுத்த விதிகள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தையும் ஒஹையோ மாநிலத்தையும் இணைக்க, ஒஹையோ ஆற்றின் குறுக்கே 1928-இல் சில்வர் பாலம் திறக்கப்பட்டது. 1967 டிசம்பர் 15 அன்று மாலை, வண்டிகள் நெருக்கியடித்து நின்ற வேளையில் அது இடிந்து ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தனர். பாலங்களை நாடு முழுவதும் ஒரே விதிப்படி, குறித்த காலத்தில் சோதிக்கும் முறை அமெரிக்காவில் அதன் பிறகுதான் வந்தது.

அந்தப் பாலத்தைத் தாங்கியது ஓர் எஃகுச் சங்கிலி. இரு முனையிலும் துளையிட்ட நீண்ட சட்டங்களை ஆணிகளால் கோத்து அதைச் செய்திருந்தார்கள். ஒரு கண்ணிக்கு இரண்டே சட்டங்கள். 330 என்று எண்ணிட்ட சட்டத்தின் துளையோரத்தில், துருவும் இழுவிசையும் சேர்ந்து சுமார் 2.5 மி.மீ. ஆழமுள்ள விரிசலை உண்டாக்கியிருந்தன. அது மூட்டுக்குள் மறைந்திருந்ததால், மூட்டைப் பிரிக்காமல் யார் கண்ணிலும் படாது. துளை பிளந்ததும் சுமை மொத்தமும் மற்றச் சட்டத்துக்கு மாறியது. மூட்டு கழன்றது, பாலமே சரிந்தது.

1968-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1971-இல் தேசிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதுவரை மாநிலத்துக்கு மாநிலம் வழக்கம் வேறாக இருந்தது. புதிய விதிகளின்படி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, தகுதி பெற்றவரின் மேற்பார்வையில் சோதனை நடக்க வேண்டும்; எல்லாப் பாலங்களுக்கும் பதிவேடு வேண்டும். தளம், மேற்கட்டுமானம், கீழ்க்கட்டுமானம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 9 வரை மதிப்பெண் இடும் வழக்கமும் நிலைத்தது. 9 என்றால் மிகச் சிறந்த நிலை. 4 என்றால் மோசம். 0 என்றால் பயனற்றது.

ஆனால் அந்த விதிகளில் விடுபட்டவற்றை அடுத்தடுத்த விபத்துகள் காட்டின. 1983-இல் கனெக்டிகட் மாநிலத்தின் மியானஸ் பாலத்தில் ஒரு பகுதி விழுந்து மூவர் இறந்தனர். சாலையைச் செப்பனிட்டபோது வடிகால் துளைகள் மூடப்பட்டதால் மழைநீர் மூட்டுகளில் இறங்கியது. பருத்த துரு, அந்தப் பகுதியைத் தாங்கிய தொங்குதகட்டை ஆணியிலிருந்து வெளியே தள்ளியது. 1987-இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹரி பாலத்தில் வெள்ளம் தூணின் அடிமண்ணை அரித்தது. பத்துப் பேர் பலியானார்கள். ஓர் உறுப்பு முறிந்தாலே விழக்கூடிய பாலங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று சோதிப்பதும், நீருக்கடியில் உள்ள பகுதிகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆராய்வதும் இந்த விபத்துகளின் பின்னரே விதிகளாயின.

2007-இல் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் விழுந்து 13 பேர் இறந்தனர். இணைப்புத் தகடுகள் இருக்க வேண்டிய தடிமனில் பாதியே இருந்தன. அது வடிவமைப்பிலேயே நேர்ந்த பிழை. ஆண்டுதோறும் துருவையும் விரிசலையும் தேடிய சோதனையில் அது சிக்கவில்லை. பாலத்தின் தாங்குதிறனைக் கணக்கிடும்போது இணைப்புத் தகடுகளையும் சேர்க்க வேண்டும் என்பது அதன் பிறகு வலியுறுத்தப்பட்டது.

2022-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, நல்ல நிலையிலுள்ள பாலத்துக்குச் சோதனை இடைவெளியை 48 மாதமாக நீட்டலாம். மிக மோசமானதற்கு 12 மாதமாகக் குறைக்க வேண்டும். இந்த விதிகளில் பல, மனித உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றவை. அவற்றை விபத்துக்கு முன்பே கடைப்பிடிப்பதுதான் பாலம் கட்டும் ஒவ்வோர் அரசின் கடமை.