பாரிஸ் சாலையும் புதுவை விண்மீனும்

மறையுரையில் வான்வெளியைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் 'எல்லையற்ற', 'எண்ணிலடங்கா' என்னும் சொற்களை நாம் தாராளமாக வழங்கிவிடுகிறோம். குருமடத்தில் படைப்பின் இறையியலைப் பயின்ற நாள்முதல் நாவிற்குப் பழகிப்போன சொற்கள் அவை. ஆயினும், எவ்வளவு தொலைவு என்று கேட்க முற்படாதவனின் வியப்பில் பாதி சோம்பல் என்றே எனக்குத் தோன்றுகிறது. கேட்கத் துணிந்தோருள் நம்மைப் போன்ற குருக்களும் இருந்தனர்.

ழான் பிக்கார் பிரான்சு நாட்டுக் குரு. 1620இல் லா ஃபிளேஷ் நகரில் பிறந்து, அங்கிருந்த இயேசு சபைக் கல்லூரியில் கற்றவர். பாரிஸ் அறிவியல் கழகத்தின் சார்பில் பூமியின் அளவைக் காண 1669, 1670 ஆகிய ஆண்டுகளில் அவர் உழைத்தார். உலகைச் சுற்றிவர அவர் புறப்படவில்லை. பாரிஸுக்குத் தெற்கே வில்ழுயிஃப் என்னும் ஊருக்கும் ழுவிசிக்கும் இடையே நேராகச் செல்லும் சாலையில், மரக்கோல்களை ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடத்தி அளந்தார். ஏறத்தாழ 11 கிலோமீட்டர். சரிபார்ப்பதற்கென வடக்கே மற்றொரு குறுகிய கோட்டையும் அளந்தார். தரையில் கோல் பட்டது அவ்வளவே.

மற்றவற்றைக் கோணங்கள் கவனித்துக்கொண்டன. முக்கோணமொன்றின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால், எஞ்சிய இரு பக்கங்களும் கணக்கில் அகப்பட்டுவிடும். அப்படிக் கிடைத்த பக்கத்தின்மீது அடுத்த முக்கோணத்தை எழுப்பலாம். கோபுரங்களையும் மேடுகளையும் குறியாகக் கொண்டு, தொலைநோக்கி பொருத்திய கோணமானியால் அவர் 13 முக்கோணங்களை வடக்கே அமியேன் நகர்ப் பக்கம்வரை கோத்துச் சென்றார். இரு முனைகளிலும் விண்மீனின் உயரத்தைக் கண்டு, இடைப்பட்ட அட்சரேகை வேறுபாட்டை அறிந்தார். ஒரு பாகைக்கு அவர் கண்ட நீளம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். இன்றும் நாம் கொள்ளும் அளவு அதுவே. 1687இல் வெளிவந்த நியூட்டனின் பெருநூலிலும் பிரெஞ்சுக்காரர் அளந்த இவ்வளவு இடம்பெற்றது.

பள்ளிச் சுவரில் தொங்கும் வரைபடத்தின் மூலையில் சிறு கோடொன்றைக் காண்கிறோம். இத்தனை சென்டிமீட்டர் என்றால் இத்தனை கிலோமீட்டர் என்று அது சொல்கிறது, நாமும் நம்புகிறோம். யாரோ ஒருவர் வெயிலில் குனிந்து கோல் வைத்ததால்தான் அந்த நம்பிக்கைக்குப் பொருள் உண்டு. பிக்காரும் அவருடைய தோழர் லா இரும் பிரான்சின் கடற்கரையைப் பின்னர் அளந்தபோது, மேற்குக் கரை பழைய படங்களில் கடலுக்குள் வெகுவாக நீண்டிருந்தது தெரியவந்தது. 1693இல் வெளியான புதிய படத்தில் நாடு சுருங்கிப்போயிற்று. படைகளிடம் இழந்ததைவிட அதிக நிலத்தை அளவையாளரிடம் இழந்தேன் என்று பதினான்காம் லூயி மன்னர் நொந்துகொண்டதாக ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கலாம், படம் மெய்.

அதே முக்கோணத்தை வானத்திற்கும் கொண்டு சென்றனர். 1672இல் பாரிஸில் கசினியும், தென் அமெரிக்கக் கரையிலுள்ள கயேனில் ரிஷேயும் செவ்வாய்க் கோளைக் கவனித்தனர். இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தூரமே இப்போது அடிக்கோடு. பூமியின் அளவு தெரிந்திருந்ததால் அக்கோட்டின் நீளமும் தெரிந்தது. அதிலிருந்து கதிரவனின் தொலைவு ஏறக்குறைய 14 கோடி கிலோமீட்டர் எனக் கண்டனர். உண்மை அளவு ஏறத்தாழ 15 கோடி. அக்காலக் கருவிகளைக் கொண்டு இவ்வளவு நெருங்கியது பெரிது.

இனி நம் கரைக்கு வருவோம். சயாமில் 1688இல் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பிற்குப்பின் வெளியேறிய இயேசு சபையாருள் ழான் ரிஷோ அடிகள் புதுவை வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்வெள்ளியைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தபோது, தென்வானில் ஒளிரும் ஆல்ஃபா சென்டாரி ஒற்றை விண்மீனன்று, இரட்டை என்று கண்டார். ஆனால் அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கண் சொல்லாது. புதுவைக்கும் பாரிஸுக்கும் இடைப்பட்ட தூரமும் அதற்குப் போதாது. கதிரவனைச் சுற்றிவரும் பூமியின் பாதையையே அடிக்கோடாகக் கொள்ள வேண்டியிருந்தது. நன்னம்பிக்கை முனையில் 1832, 1833 ஆண்டுகளில் தாமஸ் ஹெண்டர்சன் எடுத்த அளவுகள் 1839இல்தான் வெளிவந்தன. அதற்குள் பெசல் வேறொரு விண்மீனின் தொலைவை 1838இல் அறிவித்து முந்திக்கொண்டார். அக்கோணம் எத்துணைச் சிறியது என்றால், ஒரு பாகையை 3,600 கூறாக்கி, அதில் ஒரு கூற்றின் முக்கால் பங்கு!

பூமிக்கும் கதிரவனுக்கும் இடைப்பட்ட தொலைவைப் புதுவைக் கடற்கரையில் ஒரு மீட்டராக வரைந்தால், ஆல்ஃபா சென்டாரியைக் குறிக்கும் புள்ளியை நேர்வழியில் மதுரையை எட்டுவதற்குச் சற்று முன்பு வைக்க வேண்டும். எட்டாம் திருப்பாடல் வானத்தைப் பார்த்து எழுப்பும் கேள்வியை இந்த அளவோடு சேர்த்து வாசித்தால் அது மேலும் கூர்மையடைகிறது. அளவு தெரிந்தபின் வியப்பு குறையும் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்த விண்மீனின் ஒளி நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களுக்குச் சற்று மேலும் ஆகின்றன. ரிஷோ அடிகளின் கண்ணில் அன்றிரவு பட்ட ஒளி 1685இன் நடுப்பகுதியை ஒட்டிப் புறப்பட்டது. 1687இல் அவர் பிரான்சில் கப்பலேறியபோது, அது ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வழியில் இருந்தது.