விமானப் பராமரிப்புப் பதிவேடும் 1991 ஈகிள் லேக் விபத்தும்

விமானத்தில் செய்யப்படும் ஒவ்வொரு பழுதுபார்ப்பும் சோதனையும் பராமரிப்புப் பதிவேட்டில் கையொப்பத்துடன் எழுதப்பட வேண்டும். இதன் அவசியத்தை உணர்த்தியது, 1991 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஈகிள் லேக் அருகே நடந்த விபத்து. லாரெடோவிலிருந்து ஹூஸ்டன் சென்ற காண்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 விமானம் நடுவானில் சிதைந்ததில், அதிலிருந்த 14 பேரும் இறந்தனர்.

முந்தைய இரவு, எம்ப்ரேயர் 120 வகையைச் சேர்ந்த அவ்விமானத்தின் கிடைமட்ட வால் இறக்கையில், முன்விளிம்பின் பனிநீக்கும் ரப்பர் உறையை மாற்றும் பணி நடந்தது. உதவிக்கு வந்த ஆய்வாளர் ஒருவர் இடப்பக்க மேற்புறத் திருகாணிகளையும் கழற்றினார். பணி அட்டையில் அது பதியப்படவில்லை. தாம் உதவியதை ஷிப்டு ஒப்படைப்புத் தாளில் அவர் எழுதியபோது, அடுத்த ஷிப்டின் ஆய்வாளர் அத்தாளை முன்னரே பார்த்து முடித்திருந்தார். வலப்பக்க வேலை மட்டும் முடிந்து விமானம் சேவைக்குச் சென்றது. இடப்பக்கத்தில் 47 திருகாணிகள் இல்லை. உயரமான வாலின் மேற்புறம் தரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

பராமரிப்பு, ஆய்வுப் பணியாளர்கள் உரிய நடைமுறைகளைப் பின்பற்றாததே காரணம் என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. முறையான பணிப் பண்பாட்டை உருவாக்க நிர்வாகம் தவறியதையும் சேர்க்க வேண்டும் என்று வாரிய உறுப்பினர் ஜான் லாபர் மாற்றுக்கருத்து தெரிவித்தார். கழற்றியதைக் கழற்றியவுடனே எழுதாவிட்டால், அடுத்து வருபவருக்கு அந்த வேலை நடந்ததே தெரியாது என்பதற்கு இவ்விபத்து சான்றாக உள்ளது.